கடைசிப் பாராவின் கமாக்கள்

கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்த ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி, எழுபத்து நாலாம் வருஷம் ஆனி மாதத்தில், ஒரே ஒரு குமாஸ்தா தேவை என்று நோட்டீஸ் ஒட்டியது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பிழையுள்ளது படிக்கப்படாமலே குப்பைக்குப் போகும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

அந்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு ஞானதாஸ் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே, ஹயாத் பாஷாவின் டைப் கடையில் நின்று, செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். அவன் அப்பா மோசஸ் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். மகனுக்கு ஆபீஸ் வேலை கிடைத்துவிட்டது என்று மில் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கம்பெனிக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது.

ஹயாத் பாஷா தாளை உருவி நீட்டினான். ஞானதாஸ் பார்த்தான்.

"இன்னா பாய், கமா ஒண்ணுகூட இல்ல?"

"தங்கச்சி ஊர்ல இல்லபா. மகாபலிபுரத்துல பெரியம்மா வூட்டுக்குப் போய்க்கீது."

கடையின் வழக்கம் அது. அந்த மெஷினில் புள்ளி அடித்தால் தாளில் ஓட்டை விழும்; கமா அடித்தால் கிழியும். அதனால் பாஷா சந்தேகமான இடத்திலெல்லாம் ஓர் எழுத்து இடம் விட்டுவிடுவான். எங்கே கமா, எங்கே புள்ளி, எங்கே ஒன்றும் வேண்டாம் என்று முடிவுசெய்து பேனாவால் வைப்பது தங்கை சம்சாத் பேகத்தின் வேலை. எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் பள்ளிக்கே முதலாவது. நாலு வருஷமாகத் தாலுகாவின் மனுக்களெல்லாம் அவள் மையில்தான் மூச்சு விட்டன.

"நீயே வெச்சிக் குடேன் பாய்."

"நான் அடிக்கிற ஆளு, அது வெக்கிற ஆளு. நீதான் பி.ஏ. ஆச்சே, நீ வெச்சிக்கோ. எனக்குத் தொழுகைக்கு நேரமாவுது."

ஞானதாஸ் மூன்று வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவன்தான். கமா எங்கே வரும் என்று எந்தப் புரொபசரும் அவனைக் கேட்டதில்லை. அவனும் அவர்களைக் கேட்டதில்லை. இரு தரப்பும் மரியாதையாகப் பிரிந்திருந்தார்கள். அவன் பஸ்ஸுக்கு ஓடினான்.

திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் இறங்கி நிதானமாக டீ குடித்தார். ஞானதாஸ் அவர் மிடறுகளை எண்ணிக்கொண்டிருந்தான். மகாபலிபுரத்தில் இறங்கியபோது மணி மூன்று. வாசலில் பெரியம்மா அமீனா பீவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாருபா நீ? இன்னா வோணும்?"

"கமா வெக்கணும் பெரியம்மா."

"ஐயே! அதுக்கு பஸ் ஏறி வந்தியா?" என்றவள், உள்ளே திரும்பி, "சம்சாத்து! உன்கிட்ட புள்ளி வாங்க ஒரு ஆளு வந்துகீது" என்றாள்.

சம்சாத் தாளை வாங்கி ஜன்னல் பலகையில் வைத்துக்கொண்டாள். அவள் பேனா நகர்ந்தது, நின்றது, யோசித்தது. பக்கத்துப் பட்டறையில் கல் கொத்தும் சத்தம் ஒவ்வொன்றும் ஞானதாஸின் தலையில் விழுந்தது.

"சீக்கிரம்மா, மூணரை பஸ்ஸு."

"நீங்க நின்னுகினே இருந்தா எனக்குக் கை ஓடாது. உக்காருங்க."

அவன் உட்கார்ந்து உடனே எழுந்தான். அவள் அவன் தாளை முடித்துவிட்டு, பெட்டிக்கடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அதிலும் வைக்க ஆரம்பித்தாள்.

"அது யாரோடது?"

"என்னோடது" என்றாள், பெரியம்மாவுக்குக் கேட்காத குரலில். "அதே வேலைக்குத்தான். என்னைத் தனியா கல்பாக்கம் அனுப்ப மாட்டாங்க. சேத்துக் குடுத்துடுறீங்களா?"

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. "ஆவட்டும், ஆவட்டும்!" என்று ஞானதாஸ் கத்தினான். அவள் அவசரமாகத் தன் தாளை மடித்துக் கவரில் போட்டு மைதாப் பசை தடவி, அவன் தாளோடு கொடுத்தாள். அவன் ஓடிவிட்டான்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வேலை ஒன்று, ஆள் இரண்டு. எதிராளியிடமே கமா வாங்கி வந்திருக்கிறான். அவள் கோணலாக வைத்திருந்தால்? தன் தாளை விரித்துப் பார்த்தான். கமாக்கள் லட்சணமாகத்தான் இருந்தன. லட்சணமான தப்பும் உண்டே.

ஒரே வழிதான் இருந்தது. பாஷா எல்லோருக்கும் ஒரே விண்ணப்பத்தைத்தான் அடிப்பான். முதல் பாராவில் வணக்கம், இரண்டாவதில் படிப்பு, மூன்றாவதில் குடும்பக் கஷ்டம், நாலாவதில் சத்தியம். பெயர்தான் மாறும். அவளுடையதைப் பார்த்தால் தெரிந்துவிடும். பசை இன்னும் ஈரம். கவர் பாதி தானாகத் திறந்தது. மீதிக்கு அவன் நகம் உதவியது. திறந்த வேகத்தில் வாய் கிழிந்தது.

இரண்டையும் மடியில் வைத்து ஒப்பிட்டான். முதல் மூன்று பாராக்களும் அச்சாக ஒன்று. நாலாவது பாரா அவனுடையதில் முழுசாக இருந்தது. அவளுடையதில் ஒரு புள்ளிகூட இல்லை. அவன் அவசரப்படுத்தியதில் விட்டுப்போயிருக்கிறது.

இப்படியே கொடுத்தால் நேராகக் குப்பைதான். ஒரு எதிராளி ஒழிந்தாள். ஞானதாஸ் இந்த யோசனையோடு சதுரங்கப்பட்டினம் வரை இருந்து பார்த்தான். இருக்க முடியவில்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் பேனா வாங்கி, குலுங்கும் பஸ்ஸில் நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் கடைசிப் பாராவைப் பார்த்து அவளுடையதில் ஒவ்வொன்றாக வைத்தான்.

கம்பெனி ஷெட்டில் திருநாவுக்கரசு என்ற ஹெட்கிளார்க் உட்கார்ந்திருந்தார். மணி நாலு ஐம்பது.

"கிழிஞ்ச கவர் வாங்கறதில்ல. ஆர்டர்."

"வேற கவர் ஒண்ணு குடுங்க சார்."

"கம்பெனி கவரு வெளியாளுக்கா? கடை ரெண்டு மைல் தள்ளிக் கீது, போய் வாங்கியா."

"ரெண்டையும் ஒரே கவர்ல வெச்சா?"

"ஒரு கவரு, ஒரு ஆளு. அஞ்சாவப் போவுது தம்பி."

ஞானதாஸின் கையில் நல்ல கவர் ஒன்று இருந்தது, அவனுடையது. அனுப்புநர் பெயரை அங்கே வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். மில்லும் மூட்டையும் அப்பாவும் ஒருமுறை கண்ணில் வந்து போனார்கள். கிழித்தது யார் என்ற கேள்விக்குத்தான் அவனிடம் வேறு பதில் இல்லை. அவள் தாளை அதில் வைத்து, எச்சில் தொட்டு ஒட்டி, சம்சாத் பேகம் என்று எழுதிக் கொடுத்தான். திருநாவுக்கரசு ரசீது கிழித்தார்.

ஆறு மணிக்கு மறுபடியும் மகாபலிபுரம். ரசீதை வாங்கிப் பார்த்த சம்சாத், "உங்களுது?" என்றாள்.

"குடுக்கல. உன் கவரைப் பிரிச்சேன். கிழிஞ்சிடுச்சி. அதான் என் கவர்ல உன்னோடத வெச்சிட்டேன்."

அவள் முகம் சிவந்தது. "எதுக்குப் பிரிச்சீங்க?"

"தப்பா வெச்சியோன்னு சந்தேகம். மன்னிச்சிக்கோ. உன் கடைசிப் பாரா காலியா இருந்துச்சி, அதையும் நானே போட்டுட்டேன்."

"எதைப் பாத்து?"

"என்னோடதப் பாத்துதான்."

சம்சாத் ரசீதை மடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"உங்க கடைசிப் பாராவுல மட்டும் மூணு எடத்துல வேணும்னே மாத்தி வெச்சேன்."

உள்ளேயிருந்து மீன் குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. ஞானதாஸ் விரல் விட்டு எண்ணினான்.

"நாலு" என்றான். "பஸ்ஸு குலுங்கினதுல ஒண்ணு நானா வெச்சேன்."