வாத்தியார் மனைவியின் இடது கண்

கெமிஸ்ட்ரி வாத்தியார் வீட்டிலேயே சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டு கிடந்தால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? அப்படித்தான் அவர் மனைவி நினைத்தாள். இவரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம் என்று காஸ்டிக் சோடாவை அவளே வாங்கி வந்தாள். கைக்கு அகப்பட்ட அலுமினியச் சட்டியில் கொட்டி வெந்நீரை ஊற்றினாள். அமிலம் உலோகத்தை அரிக்கும் என்பது ஊருக்கே தெரியும். காரமும் அலுமினியத்தைத் தின்னும், தின்னும்போது சூடேறி ஹைட்ரஜன் பொங்கும் என்று பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்திய மனுஷர், கூடவே குடித்தனம் நடத்துகிறவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சட்டி நுரைத்துச் சீறியது. எகிறிய நீர் அவள் இடது கண்ணில் விழுந்தது.

அலறல் கேட்டு வாத்தியார் ஓடி வந்தார். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் குழாய் இருந்தது. அதை அவர் திறக்கவில்லை. காரத்தை முறிக்க அமிலம் என்று மூளை சொல்லிவிட்டது. உப்புக்கறை எடுக்க வாங்கிய வினிகரை அலமாரியில் தேடிப் பிடித்தார். அப்படியே ஊற்றக் கூடாது என்பதும் தெரியுமே, அதனால் கிண்ணத்தில் தண்ணீர் சேர்த்தார், முகர்ந்து பார்த்தார், இன்னும் கொஞ்சம் சேர்த்தார். அத்தனை நேரமும் அவள் தரையில் உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, என்னங்க" என்று கதறிக்கொண்டிருந்தாள். காரம் பட்டால் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று பிள்ளைகளைச் சத்தமாகச் சொல்ல வைத்தவர் அவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். படித்த படிப்பு சமயத்தில் இப்படித்தான் காலை வாரிவிடும்.

கண் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த நிமிஷமே குழாய்ல காட்டியிருந்தா பார்வை கொஞ்சமாவது தங்கியிருக்கும் சார். நேரம் போயிடுச்சு."

உள்ளே கட்டோடு படுத்திருந்தவள், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"நம்மால ஆனதை எல்லாம் செஞ்சிட்டோம்னாரு" என்றார் வாத்தியார்.

அவள் அதை அப்படியே நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். "எங்க வீட்டுக்காரர் மட்டும் அன்னைக்கு இல்லேன்னா என் கதை முடிஞ்சிருக்கும். மருந்து மாதிரி அளவா கலக்கி ஊத்தினாரு. சம்பளத்துலதான் ஒண்ணும் மிஞ்சல, படிப்பாவது உதவிச்சே!" எல்லோரும் சிரிப்பார்கள். வாத்தியார் தேள் கொட்டிய திருடன் மாதிரி விழித்துக்கொண்டு நிற்பார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தரம் வாயெடுத்தார். அந்த ஒற்றைக் கண் தன்னைப் பெருமையாகப் பார்க்கும், நாக்கு எழாது. சொன்னால் இந்தப் பார்வையும் போய்விடுமே என்று பயந்தார். கோழைத்தனம்தான், வேறென்ன?

போன வாரம் கீழ்வீட்டில் வெள்ளையடிக்கப் பெயிண்டர் ஒருவர் வந்தார். பீப்பாயில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டபோது அது கொதித்துத் தெறித்தது. "ஐயோ, கண்ணு!" என்ற சத்தம் மாடிவரை கேட்டது.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த வாத்தியார் எழுந்திருப்பதற்குள் அவர் மனைவி படியிறங்கிவிட்டாள். கையில் வினிகர் பாட்டில், கிண்ணம். "பயப்படாதீங்க தம்பி, என்கிட்ட மருந்து இருக்கு. தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க. இவர் எனக்கு இதைத்தான் கலந்து ஊத்தினாரு!" குழாய்ப் பக்கம் தட்டுத் தடுமாறிப் போன பெயிண்டரை அவள் தோளைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள்.

வாத்தியாருக்கு உயிரே போய்விட்டது. நாலு நாலு படியாகத் தாவி இறங்கி, அவள் கையைத் தட்டிவிட்டார். பாட்டில் உடைந்தது. பெயிண்டரின் தலையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் காட்டினார். "கண்ணைத் திறங்க! எரிஞ்சாலும் திறந்தே வைங்க! தண்ணிதான், தண்ணி மட்டும்தான்!" என்று கத்தினார். நீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் சட்டை முழுக்க நனைந்தது. நிறுத்தவே இல்லை.

கடைசியில் பெயிண்டர், "எரிச்சல் குறையுது சார், உங்க முகம் தெரியுது" என்றார். கீழ்வீட்டுக்காரர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

முற்றத்தில் இவர்கள் இரண்டு பேரும்தான் மிச்சம். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"தண்ணியே போதுமாங்க?"

"போதும்."

"அப்ப அன்னைக்கு எனக்கு?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்மா. தெரிஞ்சும், அந்தப் பதட்டத்துல..."

"டாக்டர் சொன்னாரா?"

"சொன்னாரு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"கண்ணு போனது போகட்டும், பதட்டத்துல யாருக்கும் கை தவறும். ஊரெல்லாம் உங்களைப் பத்திப் பேசிட்டுத் திரிஞ்சேனே, ஒரு தடவையாவது 'போதும், நிறுத்து'ன்னு சொல்லியிருக்கலாமே. இன்னைக்கு அந்தத் தம்பி கண்ணை நான் என் கையாலயே கெடுத்திருப்பேன்."

சொல்லிவிட்டுப் படிப்பக்கம் திரும்பினாள். இடப்பக்கச் சுவர் எங்கே இருக்கிறதென்று காற்றில் தடவினாள். வாத்தியார் ஓடிப்போய்க் கையை நீட்டினார். அது அவளுக்குத் தெரிந்தது. சுவர் அகப்படுகிறவரை தடவிக்கொண்டே நின்றாள், பிறகு அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறிப் போனாள்.