ஜீரோ வார்டு

எங்கள் ராணுவ மருத்துவமனையின் வாசலில் ஒரு பெரிய பலகை தொங்கும். வலியைக் கட்டுப்படுத்துவதில் எல்லா ராணுவ மருத்துவமனைகளிலும் நாங்கள்தான் முதலிடம் என்று அதில் பொன்னெழுத்தில் எழுதியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் இருக்கிறது. தினமும் காலையில் எங்கள் தலைமை அதிகாரியான கர்னல் எலும்பு வார்டுக்கு வருவார். பின்னால் எலும்பு டாக்டர், அவருக்கும் பின்னால் டேப்லெட்டும் கையுமாக ஒரு கிளார்க். நிற்க முடிந்தவர்கள் எல்லாரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கட்டிலருகே விறைப்பாக நிற்க வேண்டும். கர்னல் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கேட்பார்.

"பத்துக்கு எவ்வளவு வலி?"

"ஜீரோ, சார்!"

அடுத்தவன் அதைவிட உரக்க, "ஜீரோ, சார்!" ஒருநாள் ஒரு புண்ணியவான் உற்சாகம் தாங்காமல் "மைனஸ் ஒண்ணு, சார்!" என்றுகூடச் சொன்னான். கூட இருக்கிற சிப்பாய்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, அதிகாரி வந்து வலிக்கிறதா என்று கேட்டால் எவன் ஆமாம் என்பான்? கிளார்க் அதையெல்லாம் தட்டித் தலைமையகத்துக்கு அனுப்புவான். வாசல் பலகை இன்னும் கொஞ்சம் மினுக்கும்.

நான் அந்த வார்டின் தலைமை நர்ஸ். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். கர்னலிடம் இதைப் பற்றிப் பேசிப் பார்க்காமல் இல்லை. "எண் பொய் சொல்லாது, சிஸ்டர்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன், என் தம்பி அதே வார்டில் வந்து படுக்கும்வரை.

தம்பி ராணுவ லாரி ஓட்டுகிறவன். லாரியின் மேலிருந்து விழுந்து முதுகெலும்பில் விரிசல். எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. உள்ளே நரம்பு நசுங்குகிறதா என்பது பெரிய ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஆனால் வலி நாலுக்கு மேல் என்று பதிவானால்தான் ஸ்கேன் என்பது விதி. பூஜ்ஜியம் என்றால் நேராகப் படைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே போய் இவன் மூட்டை தூக்கினால், நரம்பு நசுங்கியிருக்கும் பட்சத்தில், இரண்டு காலும் செயலற்றுப் போகலாம் என்று எலும்பு டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"அப்போ ஸ்கேனுக்கு எழுதிக் குடுங்க, டாக்டர்."

"உங்க தம்பியே ஜீரோங்கிறான். நான் என்னத்தை எழுத?"

நேராகத் தம்பியிடம் போனேன்.

"டேய், உண்மையைச் சொல்லித் தொலை. வலிக்குதா, இல்லையா?"

"இல்லக்கா."

"அம்மா மேல சத்தியம் பண்ணு."

"இதுல அம்மாவை ஏன் இழுக்கிற? நாளைக்குப் படைக்குப் போற வண்டி வருது. எல்லாரும் கிளம்புறாங்க. நான் மட்டும் படுத்துக் கிடந்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். நான் போட்டிருந்த சீருடை அவனைக் காப்பாற்றியது.

மறுநாள் காலையில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். தம்பியின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவன் பூட்ஸைப் பார்த்தேன். இறுக்கமான இரட்டை முடிச்சு. கயிற்றின் நுனி உள்பக்கமாகச் செருகியிருந்தது. பக்கத்தில் நின்றவன் பூட்ஸிலும் அதே முடிச்சு, அதே செருகல். அதற்கடுத்தவனுக்கும் அதே. நாலாவது ஆளுக்கு இரண்டு கையிலும் மாவுக்கட்டு. அவன் பூட்ஸிலும் அதே முடிச்சு!

திரும்பிப் பார்த்தேன். கடைசிக் கட்டிலருகே, கால் உடைந்து சக்கர நாற்காலியில் இருந்த படைச் சமையல்காரர் என் பார்வைக்குத் தப்பிக்க ஜன்னலை வேடிக்கை பார்த்தார்.

"நீங்களா?" என்றேன்.

"பசங்களால குனிய முடியல, சிஸ்டர். அதான் காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஒரு சுத்து சுத்தி எல்லாருக்கும் கட்டிவிட்டுடுறேன். அரிசி மூட்டை கட்டிப் பழகின கைதானே."

அதற்குள் கர்னல் வந்துவிட்டார். ஜீரோ, ஜீரோ, ஜீரோ. தம்பியின் முறை வந்தது.

"ஜீரோ, சார்!"

கிளார்க்கின் விரல் தட்டப் போனது.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். "இன்னிக்கு நான் ஒண்ணு கேட்டுக்கிறேன்."

அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. மளமளவென்று குனிந்து, வரிசையாக எல்லார் பூட்ஸ் கயிற்றையும் இழுத்து அவிழ்த்துவிட்டேன். "இப்போ அவங்கவங்க பூட்ஸை அவங்கவங்களே கட்டுங்க. சமையல்காரரே, நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

ஒருவன் பாதி குனிந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டான். மாவுக்கட்டுக்காரன் தன் பூட்ஸையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். தம்பி குனிந்தான். முழங்காலுக்கு மேலேயே விரல்கள் நின்றுவிட்டன. முகம் வெளிறி நெற்றியில் வியர்வை பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி முயன்றான். ஓடிப்போய் அவனைத் தாங்கிக்கொள்ளக் கை துடித்தது. அசையாமல் நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"போதும்" என்றார் கர்னல். கிளார்க்கிடம் திரும்பினார். "அழி."

"எதை, சார்?"

"இன்னிக்குப் போட்ட எல்லா ஜீரோவையும். டாக்டர், இவனுக்கு இப்பவே ஸ்கேன். சிஸ்டர், நாளையிலேர்ந்து நான் கேக்கல. நான் இல்லாத நேரத்துல, ஒவ்வொருத்தனையும் தனியா, நீங்க கேளுங்க. பூட்ஸையும் கட்டச் சொல்லிப் பாருங்க."

நரம்பு நசுங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. வண்டி அவனை விட்டுவிட்டுப் போனது. அவன் அறுவை சிகிச்சைக்குப் போனான்.

புதிய கணக்கில் நாங்கள் முதலிடத்திலிருந்து தொபுக்கென்று கடைசி இடத்துக்கு விழுந்தோம். தலைமையகத்திலிருந்து போன் வந்தபோது கர்னல் பேசியது வராந்தா முழுக்கக் கேட்டது. "ஆமா சார், கடைசிதான். நம்பலைன்னா நேர்ல வந்து பாருங்க!" போனை வைத்த கையோடு ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி, வாசல் பலகையைத் தானே கழற்றினார். எனக்கு அந்த மனிதர் மேல் மதிப்பு வந்தது அன்றுதான்.

தலைமையகத்திலிருந்து வந்து பார்த்தார்கள். அதற்குள் யாருக்கு வலி அதிகம் என்பது தெரிந்ததால் மருந்து அவனிடம் போய்ச் சேர ஆரம்பித்திருந்தது. உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூடுதல் ஆள் வந்தார். இங்கிருந்து படைக்குப் போனவர்கள் அதே காயத்தோடு திரும்பி வருவது குறைந்துகொண்டே போனது. கடைசியில் எல்லா ராணுவ மருத்துவமனைகளுக்கும் உத்தரவு போனது: தனியாகக் கேளுங்கள், பூட்ஸைக் கட்டச் சொல்லுங்கள். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன்.

தம்பி கிளம்பும் நாளில் கர்னல் வழியனுப்ப வார்டுக்கு வந்தார். பழக்கதோஷம், வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"பத்துக்கு எவ்வளவு?"

வார்டே காதைத் தீட்டியது. தம்பி விறைப்பாக நிமிர்ந்து நின்றான்.

"ரெண்டு, சார்!"

முன்பு ஜீரோ சொன்ன அதே உரத்த குரல். சொல்லிவிட்டுக் குனிந்தான், முழுசாக. தன் பூட்ஸைத் தானே கட்டினான். முடிச்சு கோணல்மாணலாக வந்தது.

"இதெல்லாம் ஒரு முடிச்சாப்பா?" என்றார் சமையல்காரர், இப்போது தன் காலிலேயே நின்றுகொண்டு.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை, யார் பார்த்தால் என்ன? அப்போது மூன்றாவது கட்டிலில் படுத்திருந்த புது ஆள், யாரும் கேட்காமலேயே, கட்டில் அதிரக் கத்தினான்.

"எனக்கு ஏழு, சார்!"

மருந்து எடுக்க ஓடினேன்.