ஓரத்து ஓட்டை

யார் யாரோ ஓட்டை போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பழைய வெள்ளிக் காசுகள் அந்தக் கடைக்கு வரும். மெருகேற்றிப் புதுச் சங்கிலியில் கோத்தால் நல்ல விலை. அதற்குமுன் ஓட்டைக்குள் அடைந்த அழுக்கை ஊசியால் நோண்டியெடுக்க வேண்டும். வியர்வையும் எண்ணெயும் சோப்பும் இறுகிய கருப்பு மெழுகு அது, நாற்றம் குடலைப் பிடுங்கும். காசு கழுவுகிறவள் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. கையலம்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவாள்.

அன்று ஒரு காசைத் திருப்பியதும் கை நின்றுவிட்டது. ராஜா தலையில் படக்கூடாதென்று ஓரமாக, ஆணியால் அடித்த ஓட்டை. பின்பக்கம் எழும்பிய பிசிறு தேய்ந்து வழுவழுத்திருந்தது. சின்ன வயதில் அம்மா மடியில் படுத்து, அம்மாவின் கழுத்துக் காசில் இவள் விரலால் தடவிய அதே பிசிறு.

தரகர் கொண்டுவந்தது என்றார் முதலாளி. விற்றது யாராம்? தெருமுனைத் தையல்காரராம். அவள் தம்பி! பார்வை போன அம்மா அவன் வீட்டில்தான் இருக்கிறாள். ஊசியைப் போட்டுவிட்டு, கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் காசை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவனை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்காமல் விடுவதில்லை.

தம்பி வீட்டில் அம்மா கட்டிலில் இருந்தாள். கழுத்தில் அதே பழைய கயிறு, அதில் ஏதோ தகரக் காசு. பாவி, ஓட்டையைப் பட்டன் அடிக்கிற மெஷினில் நட்டநடுவே போட்டிருந்தான். கண் தெரியாதவளுக்கு இது போதும் என்ற நினைப்பு. த்தூ!

அவள் வாயைத் திறப்பதற்குள், காலடியிலேயே மகளென்று தெரிந்துகொண்ட அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளங்கைக்குள் இருந்ததை விரலால் துழாவினாள்.

"தெரியும்டி," என்றாள் மெதுவாக. "தூங்குறேன்னு நினைச்சு அவன் கயித்தை அவுக்கும்போதே முழிச்சுக்கிட்டேன்."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எனக்குச் சோறு போடுவான்? நீயும் கேக்காதே. உன் ஒத்தை ரூம்ல எனக்குப் படுக்க இடம் இருக்கா?"

அவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தம்பி சிரித்த முகமாக வந்தான். "எப்பக்கா வந்தே? காப்பி குடி," என்று டம்ளரை நீட்டினான். அம்மாவின் பிடி இறுகியது. அவள் வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

ஊரார் கழுத்தழுக்கையெல்லாம் முகம் சுளிக்காமல் நோண்டியவளுக்கு, அந்த ஒரு வாய்க் காப்பி தொண்டையை விட்டு இறங்கவில்லை.