ஒப்புதல் பெட்டி

ஒரு மருத்துவமனையில் மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, கடிதங்களாகத் தட்டச்சு செய்வது அக்காவின் வேலை. அவளுக்குக் கண் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை ஒரு குரல் அவளுக்குப் படித்துச் சொல்லும். பதிவை ஓட்டவும் நிறுத்தவும் அவள் பயன்படுத்திய இலவச மென்பொருளை ஐந்து பேர் சம்பளமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தங்கையும் ஒருத்தி. குழு அழைப்புகளில் வாயே திறக்காதவள்.

புதிய தனியுரிமைச் சட்டம் வந்தது. குழுத் தலைவரை எல்லோரும் 'பெரியவர்' என்பார்கள். வயது என்னவோ முப்பதைத் தாண்டவில்லை. மென்பொருளைத் திறந்ததும் ஒரு பெட்டி வர வேண்டும், 'சம்மதம்' அழுத்தினால்தான் உள்ளே விட வேண்டும் என்றார் அவர். தங்கை அவசர அவசரமாக எழுதினாள். மவுஸால் அழுத்திப் பார்த்தாள், திறந்தது. அக்கா மவுஸைத் தொடுவதே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. கீபோர்டால் அந்தப் பெட்டிக்குள் நுழையவே முடியாது.

"ஏண்டி, உன் பெட்டி என்னை வாசல்லயே நிக்க வெச்சிடுச்சு" என்று முதல் நாள் அக்கா சிரித்தாள். பக்கத்து இருக்கைக்காரி ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து அழுத்திக் கொடுத்தாள். சில நாளில் அவளுக்கும் முகம் சுண்டியது.

"திங்கட்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வேற ஆள் பாத்துக்கறேன்னு மேலாளர் சொல்லிட்டார்" என்றாள் அக்கா. இப்போது சிரிப்பில்லை.

தங்கை பிழையைத் திருத்திவிட்டிருந்தாள். ஆனால் குழு முறைப்படி வெளியிடும் பதிப்பை மட்டுமே அந்த மருத்துவமனைக் கணினிகள் ஏற்கும். பெரியவருக்கு போன் செய்தாள்.

"சட்ட வேலை முடியட்டும்மா. அதுவரைக்கும் எதையும் வெளியிடாதீங்கன்னு வக்கீல் சொல்லிருக்கார்."

"ஒருத்தரால உள்ளயே போக முடியல அண்ணா."

"புரியுது. ஆனா அது வசதி சம்பந்தப்பட்டது. சட்டச் சிக்கல்னா உடனே பாக்கலாம்."

அக்காவிடம் அதை அப்படியே சொன்னாள்.

"ஊனமுற்றவங்களுக்கும் சட்டம் இருக்கே. நான் புகார் குடுத்தா?"

"எங்க மேலயா?"

"வேற யார் மேல? பெட்டி செஞ்ச மகராசி பேரையும் போடட்டுமா?"

"போடுக்கா."

பேரைப் போடவில்லை. மற்றதெல்லாம் எழுதி அன்றே அனுப்பினாள் அக்கா.

சனிக்கிழமை பெரியவர் எல்லோரையும் அழைப்பில் கூட்டினார். "யாரோ நன்றி கெட்டவங்க புகார் குடுத்திருக்காங்க. ஓசில குடுத்தா இப்படித்தான். வக்கீல் பாக்கற வரைக்கும் மென்பொருளையே தளத்துலேருந்து எடுத்துட்டேன், யாருக்கும் கிடைக்காது. புதுசா எதுவும் வெளிய போகாது."

தங்கை மைக்கைத் திறந்தாள்.

"அந்த நன்றி கெட்டவங்க என் அக்கா. அவ புகார் குடுக்கட்டுமான்னு கேட்டப்ப சரின்னதும் நான்தான்."



"அக்கான்னு முதல்லயே சொல்லிருக்கலாமேம்மா" என்றார் பெரியவர், குரல் இறங்கி.

"சொல்லிருந்தா செஞ்சிருப்பீங்க. அக்காவுக்காக செஞ்சிருப்பீங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வக்கீல் இனிமே திங்கட்கிழமைதான் போன் எடுப்பார். அவரைக் கேக்காம நான் கை வைக்க முடியாது."

அழைப்பு முடிந்தது. கதவோரம் அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"எடுத்தே விட்டுட்டாங்களா?"

"ஆமா."

"நம்மாலயா?"

தங்கை கணினியை மூடினாள். 

"என்னைப் போல இன்னும் எத்தனை பேர் அதை வெச்சு வேலை பாக்கறாங்களோ" என்றாள் அக்கா, சுவரைத் தடவி நாற்காலியைத் தேடியபடி.