சிரிக்கத்தானே போட்டான்

தலையில் பாதிச் சாயம் பூசியிருந்தபோதுதான், வழக்கமாக வருகிற அந்த அம்மா போனை நீட்டினார்.

“இதப் பாரும்மா. என் பையன் எடிட் பண்ணது. ஸ்கூலே சிரிக்குதாம்.”

பார்லர் நடத்துகிற அக்கா கையுறையோடு குனிந்து பார்த்தாள். திரையில் அவள் தங்கை. வகுப்பில் எழுந்து பேச ஆரம்பிக்கிறாள். முதல் சொல்லிலேயே திக்குகிறது. அந்தத் திக்கலை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஒட்டி, தாளம் போட்டு, தவளை முகத்தையும் பொருத்தியிருந்தான்.

ஒரு வாரமாகத் தங்கை வாயே திறக்கவில்லை. தொண்டை வலி என்று நினைத்து அக்கா வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கி, கமெண்டுகளை உரக்கப் படித்தாள்.

“‘வாயத் தைச்சு விடுங்கடா.’ ‘இதுக்கெல்லாம் எதுக்கு ஸ்கூல்?’ ‘செத்துத் தொலை.’ இதுக்கு உங்க பையன் ஹார்ட் வேற போட்டிருக்கான்!”

மற்ற நாற்காலிகளில் பேச்சு நின்றது.

“சும்மா சிரிக்கத்தானே போட்டான்… சின்னப் பசங்க…”

“சிரிங்க. இப்ப சிரிச்சுக் காட்டுங்க பார்ப்போம். அது என் தங்கச்சி.”

அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. பாதிச் சாயத்தோடு எழுந்து போகவும் வழியில்லை. போனைத் திரும்ப வாங்கி மகனைக் கூப்பிட்டு, “அத எடுடா, இப்பவே” என்றார்.

“இருங்க,” என்றாள் அக்கா. “முதல்ல எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க. நாளைக்கு நடக்கவே இல்லன்னு சாதிச்சிடக் கூடாது.”

வீட்டுக்குப் போய் நடந்ததைப் பெருமையாகச் சொன்னாள். தங்கை சீறினாள்.

“எ… எல்லார் முன்னாடியும் ப… படிச்சியா? அவன் ஒரு தடவ மானத்த வாங்கினான். நீ இ… இன்னொரு தடவ!”

அக்காவுக்குச் சுருக்கென்றது. “தப்புதான்டி. உன்னக் கேட்டிருக்கணும். என்ன பண்ணலாம், நீயே சொல்லு.”

“ஸ்… ஸ்கூலுக்கு வா. ஆனா நீ பேசாத.”

தலைமையாசிரியர் அறையில் பையன் தலைகுனிந்து நின்றான். தங்கை அச்செடுத்த ஸ்க்ரீன்ஷாட்டுகளை மேசையில் பரப்பினாள். அவள் திக்கியபோது தலைமையாசிரியர் சொல்லை எடுத்துக்கொடுக்கப் பார்த்தார்.

“நா… நானே முடிக்கிறேன் சார். இவன் போட்டான்.” தாள்களில் இருந்த பெயர்களைத் தொட்டுக் காட்டினாள். “இ… இவங்க பரப்பினாங்க. ஒருத்தர்கூட நிறுத்துன்னு சொல்லல. இவங்க எல்லார் வீட்டுக்கும் இது தெ… தெரியணும்.”

அத்தனை பெற்றோரும் வரவழைக்கப்பட்டார்கள். பையனைப் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நிறுத்தினார்கள். வீடியோ மட்டும் யார் யார் போனிலோ இன்னும் கிடக்கிறது.

அந்த வார இறுதியில் வகுப்புத் தோழி ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். “நான் லைக் மட்டும்தான்டி போட்டேன்.”

“அ… அதுவும்தான்டி வலிச்சுது.”

தங்கை கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.