மணி அடித்தால் படம் மாறும்

எங்கள் அப்பா இஞ்ஞாசி, மாதா கோயிலில் கோயில்பிள்ளை; பூசையில் மணி அடிப்பது அவர்தான். அந்த மணியை வேறு யாராவது தொட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஆம்ப்ரோஸை, சும்மா படம் காட்டுற பய என்று ஒரே பேச்சில் ஒதுக்கிவிட்டார். ஆம்ப்ரோஸ் கேமரா பழுதுபார்க்கிறவர், நிஜமாகவே படம் காட்டுகிறவர். அதுதான் வம்பு.

1981-ல் கோயில் திருவிழாவுக்கு, கோயில் ஜனங்களையே எடுத்து ஸ்லைடு படம் காட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. அப்பா மனத்தை மாற்ற இதை விட்டால் வேறு வழியில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். ஜாலான் புசார் கடைத்தெருவில் வாங்கிய திருகு சுவிட்சுகளை இரண்டு புரொஜெக்டர்களுக்கும் அவர் பொருத்தினார். ஒன்றை மங்கவைத்து மற்றதை ஏற்றினால், ஒரு படம் கரைந்து அதிலிருந்தே அடுத்தது எழும்பி வரும். பாட்டும் பேச்சும் கேசட்டில். எப்போது மாற்றுவது என்று தெரிய நடுநடுவே ஓர் ஓசை வேண்டுமே? கணீரென்று இருக்கட்டும் என்று பூசை மணியை அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துப்போய்ப் பதிவுசெய்யக் கொடுத்தவள் நான்தான். இருவரும் பிறவிக் கத்தோலிக்கர்கள், ஆனால் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

திருவிழாவன்று மண்டபத்தில் விளக்கணைந்தது. கேசட்டில் முதல் மணி ஒலித்ததும், பூசையில் மணி கேட்ட பழக்கத்தில், அல்போன்சம்மாள் அக்கா முழங்கால் போட்டார். அவரைப் பார்த்து அந்த வரிசையே போட்டது. அப்பாவும் பாதி குனிந்துவிட்டு, சத்தம் கேசட்டிலிருந்து வருவதைக் கண்டு விறைப்பாக நிமிர்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆம்ப்ரோஸ் பதறிப்போய்க் கேசட்டை இழுக்க, நாடா சிக்கி அறுந்தது. நம் கல்யாணம் அவ்வளவுதான் என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பேச்சில்லாத படங்களுக்கு ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். ஒருவர் அடுத்ததைப் போடு என்றார். இன்னொருவர், அது எங்கள் அண்ணன், மாற்றாதே என்றார். கோயில் காரியத்தில் கூச்சல் அப்பாவுக்கு ஆகவே ஆகாது. பூசை மணியை எடுத்துவந்து புரொஜெக்டர் பக்கத்தில் நின்றார்.

"நான் அடிச்சாதான் மாத்தணும். யாரும் முழங்கால் போட வேணாம் லா."

அதன்பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஜனங்கள் கதை சொன்னார்கள், கிண்டல் செய்தார்கள். போதும் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அப்பா அடித்தார். ஆம்ப்ரோஸ் திட்டம் போட்டிருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கடைசியில் வெறும் பலிபீடம். அது மெல்லக் கரைய, அதே இடத்தில் அப்பா எழும்பி வந்தார், முழங்காலில், கையில் மணியோடு, கண்மூடி. பூசையில் அந்த நேரத்தில் எல்லோரும் தலை குனிந்திருப்போம். அவரை அப்படி நாங்கள் பார்த்ததே இல்லை, அவரும்தான். ஆம்ப்ரோஸ் மட்டும் ஒருநாள் குனியாமல் இருந்திருக்கிறார்.

மண்டபம் காத்திருந்தது. அப்பா மணி அடிக்கவில்லை. மாற்றிவிடவா என்று ஆம்ப்ரோஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இருக்கட்டும் மாப்ள" என்றார் அப்பா.