தம்பிக்கு மட்டும் ஒரு சட்டம்

ஏரியில் மீன் முட்டையிடும் இரண்டு மாதமும் யாரும் வலை போடக் கூடாது. மீன் அற்றுப்போய் வலையில் பாசி மட்டும் ஏறிய ஒரு வருடத்தில், நாற்பது மீனவக் குடும்பங்களும் கூடி உட்கார்ந்து தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம் அது. அதைக் காக்கும் சங்கத்துக்குத் தலைவியாக, கரையில் மீன் எடைபோடுகிறவளைத் தேர்ந்தெடுத்தார்கள். எடையில் அவள் யாருக்கும் முகம் பார்த்ததில்லை.

மூன்றாம் வருடம் தடைக்காலத்தில் பிடிபட்டவன் அவளுடைய சொந்தத் தம்பி. மனைவி நிறைமாதம், அடுப்பு எரியவில்லை என்றான். கூட்டத்தில் அவள் தன் வாயாலேயே தீர்ப்புச் சொன்னாள்: வலை பறிமுதல், ஒரு வருடம் ஏரியில் இறங்கக் கூடாது. அத்தனை கைகளும் உயர்ந்தன. தலைவி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். தம்பி மறுவாரமே மனைவியுடன் செங்கல் சூளைக்குப் போய்விட்டான். குழந்தை பிறந்த சேதி அத்தைக்கு மூன்றாம் மனிதர் மூலம்தான் வந்தது.

அடுத்த தடைக்காலத்தில் பெரிய படகுக்காரர் பட்டப்பகலில் தன் ஐந்து படகிலிருந்தும் வலை இறக்கினார். சங்கத்தில் பாதிப் பேருக்கு அவரிடம்தான் வேலை. கூட்டத்தைக் கூட்டி அதே தீர்ப்பைச் சொன்னாள். அவளையும் வலை பின்னும் பெரியவரையும் தவிர யாரும் கை தூக்கவில்லை.

"விடுங்கக்கா, தெரியாம செஞ்சிட்டாரு" என்றார் செயலாளர்.

"அஞ்சு படகு தெரியாமத்தான் போச்சா?"

மன்னித்துவிடுவதாகத் தீர்மானம் போட்டார்கள். அந்த வாரத்துக்குள் எல்லோர் படகும் ஏரியில் இறங்கிவிட்டது. முட்டை நிறைந்த மீன்கள் கூடை கூடையாகக் கரையேறின. அவள் பதவி விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுச் சூளைக்குப் பஸ் ஏறினாள்.

தம்பி மண் அப்பிய கையோடு வந்து நின்றான். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டான்.

"உனக்கு நான் செஞ்சது தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணலடா."

"தப்புன்னு நானும் சொல்லலக்கா. ஆனா அன்னிக்கு அவங்க சட்டத்துக்காகக் கை தூக்கல. எனக்குப் பயப்பட வேண்டியதில்லன்னு தூக்கினாங்க."

ஏரிக்குத் திரும்பி வரச் சொன்னாள். அங்கே வந்து எதைப் பிடிப்பது என்று கேட்டான்.

குழந்தையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். அவன் குடிசைக்குள் போய் மனைவியிடம் ஏதோ கெஞ்சினான். வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தான்.

"தூங்குதாம்க்கா" என்றான்.

உள்ளே குழந்தை சிரிக்கும் சத்தம் இருவருக்குமே கேட்டது. அவள் சரியென்று தலையாட்டிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.